முப்பது கிலோமீட்டரில் ஒரு வெளிநாடு

எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது. விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆனாலும் ஒருமுறை வெளிநாடு போய் வந்திருக்கிறேன். சேலத்தில் என் வீட்டிலிருந்து அந்த நாடு முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், அதில் பாதி கொண்டை ஊசி வளைவு. அங்கே என்னைத் தனிமைப்படுத்தினார்கள், சாமைச் சோறு போட்டார்கள், கைப்பையை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டினார்கள்.

கொரோனா வந்த முதல் வருடம் அது. சேலத்தில் நான் காது கேட்கும் கருவி விற்கிற, பழுது பார்க்கிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். டாக்டர் இல்லை. ஆனால் காதைத் தொடுகிற எவரையும் மலைக்காரர்கள் டாக்டர் என்றுதான் சொல்வார்கள். மறுத்து மறுத்து ஓய்ந்துபோய் நானும் டாக்டரம்மாவாகிவிட்டேன்.

ஏற்காட்டுக்கு மேலே, நாகலூரையும் தாண்டி ஒரு ஊர். பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். அந்த ஊர்ப் பட்டக்காரருடைய காதுக்கருவி என்னிடம் பழுதுக்கு வந்திருந்தது. பட்டக்காரர் என்றால் ஊர்த் தலைவர், அவர் வாக்குக்கு மறுவாக்கு இல்லை. மாடு கறக்கும்போது கருவி நழுவிப் பால் குண்டாவில் விழுந்துவிட்டதாம். உள்ளே ஒரு பாகம் மாற்ற வேண்டும், அது சென்னையிலிருந்து வர வேண்டும் என்று சொல்லி வைத்தேன். மறுவாரம் ஊரே அடைபட்டது. பாகம் வந்து சேர மூன்று மாதம் ஆயிற்று.

சேர்ந்ததும் அவர் மனைவி பாவாயி போன் செய்தார். "டாக்டரம்மா, நீங்களே வந்து மாட்டி உடுங்க. நாங்க மாட்டுனா விசில் அடிக்குதுங்க. இங்க அவருக்குக் காது கேக்காம ஊரே நாறிப்போய்க் கெடக்குதுங்க." மருத்துவக் காரணம் என்று எழுதிக் கொடுத்து மலையேற அனுமதி வாங்கினேன். உண்மைக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதமாக ஒரே கூரையையும் ஒரே கணவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். குளிர்ந்த காற்றுக்காக நான் கருவி இல்லாமலேகூடப் போயிருப்பேன்.

பஸ் ஓடவில்லை. மலைக்கு முட்டை ஏற்றிப்போகும் வேன்தான் கிடைத்தது. ஓட்டுநர் செல்வம் மரியாதையான மனிதர். முன் இருக்கையில் எனக்கு இடம் கொடுத்துவிட்டு, நடுவில் மூன்று தட்டு முட்டையை இடைவெளிக்காக அடுக்கினார். "முட்டைக்குத் தொத்தாதுங்களா?" என்றேன். "அதுக்குத்தான் ஓடு இருக்குதுங்களே" என்றார். அந்த நாட்களில் கேட்ட மருத்துவ விளக்கங்களில் அதுவே எனக்கு முழுதாகப் புரிந்தது.

பாதி மலையில், ஒரு வளைவில், காட்டெருமை ஒன்று நடுரோட்டில் நின்றது. மூன்று மாதமாக வண்டிகள் குறைந்துபோனதால் ரோடு தன் பெயருக்கு எழுதப்பட்டதாக முடிவு செய்திருந்தது. செல்வம் இன்ஜினை அணைத்தார். "ஹாரன் அடிச்சாக் கோவிச்சுக்குமுங்க" என்றார். அரை மணி நேரம் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அது போனபின் வண்டி கிளம்ப மறுத்தது. நான் இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினேன். வண்டி ஒரு குதி குதித்துக் கிளம்பியது, உள்ளே தட்டுகள் சரிந்தன, கதவிடுக்கில் வழிந்த மஞ்சள் கரு என் முழங்கை வரை வந்தது.

ஏற்காட்டில் ஏரி மட்டும் வேலையில் இருந்தது. படகுகளைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். எப்போதும் பஜ்ஜி வாசனை சட்டையைப் பிடித்து இழுக்கும் அந்த வரிசைக் கடைகளில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. எங்கள் சேலத்தில் முழு அடைப்பிலும் எந்தச் சந்திலாவது தட்டுவடை செட் கிடைத்துவிடும். மலைக்காரர்கள் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன். எவ்வளவு எழுத்துக்கு எழுத்து என்பது ஊர் எல்லையில்தான் தெரிந்தது.

செல்வம் என்னை இறக்கிவிட்டுத் திரும்பினார். மலை ரோடும் கீழே ஓடைக்கு இறங்கும் தடமும் சேருமிடத்தில், பாதையின் குறுக்கே ஒரு சில்வர் ஓக் மரக்கட்டையைக் கட்டியிருந்தார்கள். அதன் மேல் முள், முள்ளின் மேல் உடைந்த பெஞ்சு, பெஞ்சில் கரியால் எழுதிய அட்டை: "வெளிநாட்டார் உள்ளே வரக் கூடாது." முதுகில் காப்பிச் செடிக்கு மருந்தடிக்கும் டேங்கோடு ஓர் இளைஞர் நின்றார். டேங்குக்குள் மஞ்சள் தண்ணீர். அவர் குப்புசாமி, பட்டக்காரரின் மகன்.

"ஏனுங்க, நீங்க எந்த நாடுங்க?" என்றார்.

"இந்தியா" என்றேன், கொஞ்சம் கடுப்பாக.

"அது தெரியுமுங்க. அதுல எந்த நாடு?"

"சேலமுங்க."

"சேலம் டவுனுங்களா? அப்ப உங்களுக்கு நாடே இல்லீங்களா?" அவர் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது.

விஷயம் இதுதான். இந்த மலையில் பல ஊர்களைச் சேர்த்து ஒரு நாடு என்பார்கள். மலைக்கு இந்தப் பக்கம் ஒரு நாடு, ஓடைக்கு அக்கரையில் வேறு நாடு. கல்யாணம், திருவிழா, வழக்கு எல்லாம் நாட்டுக் கணக்கில்தான். நோய் வந்த புதிதில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று வந்து, "வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் தங்களைத் தனிமைப்படுத்திக்கொள்ள வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனது. ஊர் கூடி யோசித்தது. வெளிநாடு என்றால் அக்கரை நாடுதானே? அன்று மாலையே பாதையில் மரக்கட்டை விழுந்தது. அக்கரைக்காரர்களுக்கு ரோஷம் வந்து மறுநாள் அவர்களும் ஒன்று கட்டினார்கள்.

சிங்கப்பூர், துபாய் என்று நான் விளக்கினேன். குப்புசாமி பொறுமையாகக் கேட்டார். "அவ்வளவு தூரத்துல இருக்கறவங்களுக்காங்க எங்க ஊருக்கு ஆட்டோ உட்டுச் சொல்லுவாங்க?" என்றார்.

நாடற்றவளாகிய என்னைக் காலியாகக் கிடந்த பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். பதினான்கு நாள். கருவிக்குத் தண்டனை குறைவு, ஒரு நாள் வெயில். அதை மஞ்சள் தண்ணீரில் முக்க வந்தபோது நான் போட்ட சத்தத்தில் அந்த யோசனையைக் கைவிட்டார்கள். முறத்தில் வைத்து, காக்கை தூக்காமல் இருக்க ஆள் போட்டார்கள். எனக்கு ஆள் போடவில்லை.

மதியம் பாவாயி சாமைச் சோறும் கீரைக் கடைசலும் பள்ளிச் சுவரில் வைத்துவிட்டு ஆறடி தள்ளிப் போய் நின்றார். சாமைச் சோற்றை நான் சேலத்தில் சர்க்கரைக்குப் பயந்து சாப்பிட்டிருக்கிறேன், மருந்து மாதிரி. இங்கே அது சோறாகவே இருந்தது. இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். பிறகு பலாச்சுளை வந்தது. தனிமைப்படுத்தலை எதிர்த்து எழுதவிருந்த மனுவை ஒத்திவைத்தேன்.

சாப்பிடும்போது பாவாயி கதையைச் சொன்னார். குப்புசாமியின் மனைவி செவந்தி, மாதம் நிறைந்தவள். முதல் பிரசவம் தாய்வீட்டில் நடப்பது வழக்கம். தாய்வீடு அக்கரை நாட்டில், கூப்பிடு தூரம், ஆனால் இறங்கி ஏற அரை மணி ஆகும். பிரசவம் பார்க்கிற நர்ஸ் இருப்பதும் அந்தப் பக்கம்தான். இங்கே வலி எடுத்தால் நாகலூர் வழியாக ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டு வர வேண்டும். எந்த நாளும் வலி வரலாம். குறுக்கே கிடப்பது ஒரு மரக்கட்டை, அதைக் கட்டியது அவள் புருஷன்.

"பட்டக்காரர் ஒரு வார்த்தை சொன்னா அவுத்துருவாங்கதானுங்களே?" என்றேன்.

"அவருக்கு ஒண்ணும் கேக்கறதில்லீங்களே. எல்லாரும் வந்து கத்தறாங்க. அவரு எல்லாத்துக்கும் தலையாட்டறாரு. கட்டோணும்னாலும் ஆட்டுனாரு, அவுக்கோணும்னாலும் ஆட்டுனாரு. எந்த ஆட்டு எதுக்குன்னுதானுங்க மூணு மாசமா வழக்கு."

மறுநாள் அந்த வழக்கைக் கண்ணால் பார்த்தேன். பள்ளி மைதானத்தில்தான் கூட்டம். சுண்ணாம்பில் வட்டம் போட்டு ஆளுக்கொரு வட்டத்தில் உட்கார்ந்தார்கள். நான் ஜன்னல் கம்பிக்குப் பின்னால், வெளிநாட்டுப் பார்வையாளர். பட்டக்காரர் நடுவில், பஞ்சு மாதிரி மீசையோடு, முகம் நிறையச் சிரிப்போடு இருந்தார். ஒன்றும் கேட்காத மனிதருக்கு உலகம் எவ்வளவு இனிமையானது என்பது அந்தச் சிரிப்பில் தெரிந்தது.

அடைப்புக் கட்சிக்குத் தலைவர் டீக்கடை முருகேசன். யாரும் வெளியே போக முடியாததால் ஊரே அவர் கடையில்தான் டீ குடிக்கிறது என்று எதிர்க்கட்சி குத்திக்காட்டியது.

"நேத்து அக்கரைக்காரன் ஒருத்தன் தடுப்புகிட்ட நின்னு நாலு வாட்டி தும்முனானுங்க" என்றார் முருகேசன்.

"உங்க கடையில வரமொளகா வறுத்தீங்க. நாங்களுந்தான் தும்முனோம்" என்றார் ஒரு பெண்.

"நீங்க உள்நாட்டுத் தும்மலுங்க. அது வேற."

எல்லோரும் சிரித்தார்கள், பட்டக்காரரும் சேர்ந்து தலையாட்டினார். உடனே இரண்டு கட்சியும் அந்தத் தலையாட்டலைத் தத்தம் பக்கம் எழுதிக்கொண்டன. ஆனால் முருகேசன் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார். "சிரிங்க. இந்த ஊர்ல ஒரு ஊசி போட ஆளு இருக்குதுங்களா? வந்துருச்சுன்னா யாரு தூக்கிட்டு ஓடறது, எங்க ஓடறது? ஒருத்தருக்கு வந்தா ஊடு ஊடாப் போயிருமுங்க. ஒரு புள்ளைக்காக அத்தனை ஊட்டையும் தொறந்து உட முடியுங்களா?" செவந்தியை யாரும் பார்க்கவில்லை. அவள் மைதானத்து ஓரப் பலாமரத்தடியில், மாமியாருக்குப் பின்னால், வயிற்றில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். இருபது வயதுகூட இருக்குமா என்று சந்தேகமாக இருந்தது.

முருகேசனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. காரணம் இருக்கிறது. சேலத்தில் எங்கள் தெருமுனையில் தகரம் அடித்து அடுத்த தெருவை மறித்தபோது, கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்தவள் நான். அடுத்த தெருவில் எனக்குப் பூ கட்டித் தருகிற அம்மா இருந்தார். தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்று, "நான் என்னங்க பண்ணுனேன்?" என்று அவர் கேட்டபோது, டீவியில் கேட்டதையெல்லாம் ஒப்பித்தேன். இந்த ஊர்க்காரர்கள் ஒரு வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டு அடைத்தார்கள். நாங்கள் எல்லாவற்றையும் சரியாகப் புரிந்துகொண்டு அடைத்தோம். அதை நினைக்கும்போது இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் காலை கருவிக்கு விடுதலை. அதை மாட்ட வெளிநாட்டுக் கை பட வேண்டுமே என்று ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. கையுறை, முகக்கவசம், கை நீளத்துக்குத் தள்ளி நிற்பது என்று முடிவாயிற்று. இரண்டு கட்சியும் வட்டங்களில் இடம் பிடித்தன. இன்று பட்டக்காரர் காதுக்குள் எந்தக் கட்சி முதலில் நுழைவது என்பதில் போட்டி.

நீட்டிய கையோடு நான் கருவியைப் பொருத்தி, விசில் நிற்கும் வரை திருகி, மெல்ல ஒலியைக் கூட்டினேன். பட்டக்காரர் கண்ணை மூடித் திறந்தார். மூன்று மாதப் பழக்கத்தில் அத்தனை பேரும் ஒரே குரலாகக் கத்தினார்கள்.

அவர் காதைப் பொத்திக்கொண்டார். "மெதுவாப் பேசுங்க சாமி! எதுக்கு இப்படிக் கத்தறீங்க? ஊட்டுல தீப்புடிச்சிருச்சா?"

முருகேசன் குரலைத் தாழ்த்தி, தடுப்பைப் பற்றிச் சொன்னார். பட்டக்காரர் நெற்றியைச் சுருக்கினார். "எந்தத் தடுப்பு?"

"பாதையில கட்டுனதுங்க. நீங்கதானுங்க தலையாட்டுனீங்க."

"அதுவா? கோயில் நோம்பிக்குப் பந்தக்கால் நடறீங்கன்னு நெனச்சேன். மூணு மாசமாச்சு, சாமி வரவே காணமேன்னு பாத்துட்டு இருந்தேன்."

அடைப்புக் கட்சிக்கு முகம் செத்துவிட்டது. மறுகட்சி துள்ளியது. ஆனால் பட்டக்காரர் கையை உயர்த்தினார். நோயைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். முருகேசன் சொன்னதை முழுக்கக் கேட்டார். கடைசியில் சொன்னார்: "நோய் பொய்யில்ல. கட்டுனது கட்டுனதாவே இருக்கட்டும். எம் மருமவளுக்குன்னு அவுத்தா, நாளைக்கு ஊருல எவனுக்கு நான் வேண்டாம்னு சொல்றது?"

கூட்டத்தில் பேச்சு இல்லை. இதற்காகவா முட்டை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அந்த அமைதியில்தான் பலாமரத்தடியிலிருந்து செவந்தியின் குரல் கேட்டது. மாமியாரிடம் பேசினாள். தணிந்த குரல், ஆனால் மாமனாருக்கு எதிரில் காட்ட வேண்டிய அடக்கம் அதில் இல்லை. மூன்று மாதமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து எதையும் பேசிப் பழகியிருந்தாள். அவருக்கு இப்போது கேட்கும் என்பது அந்த நேரம் அவளுக்கு மறந்துபோயிற்று.

"எனக்குப் பயமா இருக்குதுங்க அத்தே. நொம்பப் பயமா இருக்குது. கண்ண மூடுனாச் செத்துப்போயிருவனோன்னே வருது. எங்கம்மாவப் பாக்கோணும்."

பட்டக்காரர் திரும்பினார். செவந்தி அதைப் பார்த்ததும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சாமி," என்றார் அவர். "இத இன்னைக்குத்தான் சொல்றயா? இல்ல, இத்தன நாளாச் சொல்லிட்டு இருந்தயா?"

பாவாயிதான் சொன்னார்: "தெனமும் சொல்லுவாளுங்க. நீங்க களி திங்கறப்ப எதுத்தாப்புல ஒக்காந்துதான் சொல்லுவா."

"நான் என்ன பண்ணுனேன்?"

"தலையாட்டுனீங்க."

முகம் நிறைய இருந்த அந்தச் சிரிப்பு அவரை விட்டுப் போனது. கருவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதைக் கழற்றி எறிந்துவிடுவாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது. பிறகு மகனிடம், "போயி அவுத்து உடு" என்றார். அவ்வளவுதான். முருகேசன் பக்கம் திரும்பி, "உனக்கு என்ன சொல்லோணும்?" என்று கேட்டார்.

முருகேசன் வட்டத்திலிருந்து எழுந்தார். "திரும்பி வர்றப்பப் பதினாலு நாளு பள்ளிக்கூடத்துல இருக்கோணுமுங்க."

"பச்சக் கொழந்தையோடவா?" என்றார் பாவாயி.

"கொழந்தைக்கு அப்பன் நாடுங்க. அது உள்ளூரு, அதுக்குக் கெடையாது." சொல்லிவிட்டு அவரே கடைக்குப் போய், வழியில் குடிக்க ஒரு சொம்பு வெந்நீர் கொண்டுவந்தார்.

கூட யார் போவது என்பது அடுத்த வழக்கு. எல்லை தாண்டினால் திரும்பி வந்து பதினான்கு நாள். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நீங்கதான் ஏற்கெனவே வெளிநாடாச்சுங்களே" என்றார் பட்டக்காரர். மறுப்பதற்கு வழியில்லை.

குப்புசாமி போட்ட முடிச்சு அவருக்கே அவிழவில்லை. அவிழ்க்க அவிழ்க்க இறுகியது. கடைசியில் அரிவாளால் கயிற்றை அறுத்து, மரக்கட்டையைத் தோளில் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். செவந்தி குனிந்து கடந்தாள். "போயிட்டு வர்றேனுங்க" என்றாள். அவர் ஏதோ சொல்ல வந்து, "மெதுவாப் போ" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு தடுப்புக்கும் நடுவில் யாருடைய நாடும் இல்லாத ஓடைச்சரிவு. ஓடை வரை இறங்கினோம், அங்கே அவள் வெந்நீர் குடித்தாள், பிறகு ஏறினோம். அடிக்கடி நின்றாள். நான் காதுக்காரி, பிரசவம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. "ஒண்ணும் இல்ல கண்ணு, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே ஏறினேன். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

அக்கரைத் தடுப்பில் இரண்டு மூங்கில். நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு ஒருவர் நின்றார். பாவாயி முன்கூட்டியே போன் செய்திருந்ததால் செவந்தியின் அம்மாவும் வந்து நின்றிருந்தார். மகளைப் பார்த்ததும் ஓடி வந்தவரை நோட்டுக்காரர் கை நீட்டித் தடுத்தார். "நர்சம்மா வந்து பாக்கற வரைக்கும் ஆறடிங்க. சொல்லிப்போட்டேன்."

"சரிங்க சாமி, ஆறடி" என்றார் அம்மா.

மூங்கிலைத் தூக்கினார்கள். செவந்தி உள்ளே போனாள். முன்னால் போய் வழி காட்ட வேண்டிய அம்மா, திரும்பி நடக்கவில்லை. மகள் முகத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்தார். மேட்டுப் பாதை, கல்லும் வேரும். கையால் பின்னால் துழாவித் துழாவி, ஒருமுறைகூடத் தலையைத் திருப்பாமல், ஆறடி விட்டு, மகள் ஒரு அடி வைத்தால் தானும் ஒரு அடி. மகளும் அந்த முகத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. நான் அழுதேன். முகக்கவசம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

வளைவு நெருங்க நெருங்க ஆறடி நாலடியானது. பிறகு இரண்டடி. பிறகு நடுவில் ஒன்றுமே இல்லை.

நோட்டுக்காரர் சட்டென்று என் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கண்ணும் சரியாக இல்லை. "ஏனுங்க, ஆறடி உட்டுத்தானுங்களே போறாங்க?" என்றார்.

"ஆமாங்க" என்றேன். "ஆறடிக்குக் குறையலீங்க."

அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.